லோடர் சென்டர் பின்: பேரிங் மட்டும் மாத்தினா போதாது

பெங்களூரு பீன்யாவுல எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வர்ற வீல் லோடர் நிறைய, ஸ்டீயரிங் ஆட்டம்னு சொல்லித்தான் வருது. நெலமங்கலா, தாபஸ்பேட்டை பக்கம் கிரஷர் தூசியில ஓடுற வண்டிங்க. ஓனர் முதல்ல கேட்கிறது பேரிங் விலை. நான் முதல்ல அளக்கிறது அந்த பேரிங் உட்கார்ந்திருக்கிற ஹவுசிங்கை.

லோடர்ல சக்கரம் தனியா திரும்பாது, வண்டியே நடுவுல மடங்கும். முன் ஃபிரேமையும் பின்னாடி ஃபிரேமையும் மேலே ஒரு பின், கீழே ஒரு பின் சேர்த்துப் பிடிச்சிருக்கு. அதுதான் சென்டர் பின். ஒரு சிலிண்டர் தள்ள, ஒண்ணு இழுக்க, வண்டி வளையுது. அங்க இருக்கிற டேப்பர் பேரிங் (ரோலர் சரிவா உட்கார்ந்திருக்கிற பேரிங்) முழுச் சுத்து சுத்தறதே இல்லை. இந்தப் பக்கம் சுமார் 40 டிகிரி, அந்தப் பக்கம் 40 டிகிரி, அவ்வளவுதான். ரோலர் அதே இடத்துல முன்னும் பின்னும் போய்ட்டு வரும். கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கிடும். கழட்டினா கப்புல, அதாவது வெளி வளையத்துல, வரிவரியா பள்ளம் தெரியும். அதைப் பார்த்தப்புறமும் "கோன் மட்டும் போடுங்கண்ணே, கப்பு இருக்கட்டும்"னு சொல்றவங்க உண்டு. நான் போட மாட்டேன். கப்பும், ரோலரோட வர்ற உள் வளையமான கோனும் ஒரே ஜோடி.

ஆட்டம் பார்க்க, முதல்ல ரெண்டு ஃபிரேமும் மடங்காம பிடிக்கிற லாக் பாரை மாட்டணும். பக்கெட்டைத் தரையில ஊன்றி முன் சக்கரம் லேசா தூக்குற அளவுக்கு அழுத்தச் சொல்லி, எவ்வளவு அசையுதுன்னு டயல் கேஜ் வச்சுப் பார்ப்போம். "ஒரு நிமிஷ வேலைக்கு லாக் எதுக்குண்ணே?"ன்னு கேட்பான் கிருஷ்ணகிரித் தம்பி ஒருத்தன், நல்ல ஆபரேட்டர். ஃபிரேம் ரெண்டும் மூடுற இடத்துல மனுஷன் நிக்கறப்ப ஸ்டீயரிங் அசைஞ்சா ஒதுங்க இடமே கிடையாது. லாக் போடாத வண்டியில நான் கை வைக்கறதில்லை.

பேரிங்கைக் கழட்டினதும் ஹவுசிங் ஹோலை போர் கேஜ் (உள் விட்டம் அளக்கற கருவி) வச்சு ரெண்டு திசையில அளக்கணும். ஆட்டத்தோட ரொம்ப நாள் ஓடின வண்டின்னா ஹோல் முட்டை வடிவமா போயிருக்கும். அதுல புது பேரிங் போட்டா கப்பே உள்ள சுத்த ஆரம்பிக்கும். போட்ட காசு போச்சு. ஹோல்ல வெல்டிங் ஏத்தி, மேல் ஹோலும் கீழ் ஹோலும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி லைன் போரிங் அடிக்கணும், அதாவது உள்ளே கடைஞ்சு எடுக்கணும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டணும். எர்த் கிளாம்ப் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும். தூரத்துல ஃபிரேம்ல எங்கயோ மாட்டினா கரண்ட் வேற பேரிங் வழியா பாஞ்சு, ரோலர்ல பொட்டுப் பொட்டா சுட்டிடும். இதைப் பல பட்டறையில யாருமே கவனிக்கறதில்லை. எனக்கு ரொம்ப வருத்தம் அதுல.

டைட்டா உட்கார்ற பின்னை நாங்க சம்மட்டியால அடிக்கறதில்லை, டிரை ஐஸ்ல (உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு) போடுவோம். அது மைனஸ் 78 டிகிரி. 80 மில்லிமீட்டர் பின் 100 டிகிரி குளிர்ந்தா ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் சுருங்கும். கையால இறக்கிடலாம். தடிமனான கிளவுஸ் வேணும், கதவைத் திறந்து வைக்கணும்; அதுல இருந்து வர்ற வாயு மூடின ரூம்ல மூச்சை அடைக்கும்.

அடுத்தது ஷிம், பேரிங் கவருக்கு அடியில வைக்கிற மெல்லிசுத் தகடு. ஷிம் இல்லாம கவரை மேனுவல் சொல்ற அளவுக்கு டைட் பண்ணி, இடைவெளியை நாலு பக்கமும் ஃபீலர் கேஜால அளந்து, அந்தக் கணக்குலதான் ஷிம் எடுக்கணும். பழைய ஷிம்மை அப்படியே மாட்டிடற பழக்கம் வேண்டாம். பேரிங் மாறினா கணக்கும் மாறும். சீலும் புதுசுதான். பழைய சீல் வழியா தூசி போச்சுன்னா செஞ்ச வேலை அத்தனையும் வீண்.

வண்டியை ஒப்படைக்கறப்ப ஆபரேட்டர் தம்பிகிட்ட சொல்லி அனுப்பறது இதுதான்: லாக் போட்டு கிரீஸ் அடி. அப்புறம் லாக்கை எடுத்து, பக்கத்துல ஆள் இல்லைன்னு பார்த்து, இடது கடைசி வரைக்கும், வலது கடைசி வரைக்கும் வளை. நேரா நிறுத்தி, மறுபடி லாக் போட்டு, சீல் ஓரத்துல புது கிரீஸ் எட்டிப் பார்க்கற வரைக்கும் அடி. கீழ் பின்னோட கிரீஸ் நிப்பிளை (கிரீஸ் அடிக்கற முனை) விட்டுடாதே, சேறு மூடி அது கண்ணுக்கே தெரியாது.