நாலு நொடிக்கு மேல் ஓடாத கம்ப்யூட்டர்

அக்டோபர் 4, 2025, சனி

அத்தை கடை கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் ஏதாவது வருவதற்குள் பட்டென்று அணைந்துவிடுகிறது. ஆயுத பூஜை முடிந்து நேற்று கடை திறந்ததிலிருந்து இப்படித்தானாம். ஜெராக்ஸ் மட்டும் ஓடுகிறது; பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் நின்றுபோச்சு. மெக்கானிக் வந்து, "போர்டு போச்சுக்கா, இந்த ஹெச்61 போர்டெல்லாம் பழசு, மொத்தமா வேற சிஸ்டம் போட்டுக்கங்க" என்று மதர்போர்டைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பார்த்தேன். அதே கதை. வீட்டுக்குத் தூக்கி வந்தாயிற்று.

அக்டோபர் 5, ஞாயிறு

உள்ளே டோனர் கறுப்பு கலந்த தூசு, ப்ராசசர் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கம்பளி மாதிரி அடைத்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஹீட்சிங்க்கும் ஃபேனும் சேர்ந்த இன்டெல் கூலரைப் பிடித்திருப்பது நாலு பிளாஸ்டிக் பின்கள்தான். அதில் ஒன்று எழும்பி நின்றது. கூலர் சரியாகப் பதியாவிட்டால் ப்ராசசர் சில நொடியிலேயே சூடேறி அணைந்துபோகும். ஆகவே சந்தேகம் அதன் மேல்தான். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொருக்காகிக் கிடந்தது; அதைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, நாலு பின்னையும் 'டக்' சத்தம் வரும்வரை அழுத்தினேன்.

அணைந்தது.

ரேமை ரப்பரால் தேய்ப்பது நம்மூர் சம்பிரதாயம், அதையும் செய்தேன். ஆனால் ரேம் கோளாறென்றால் பெரும்பாலும் பீப் அடிக்கும், இல்லை திரை கறுப்பாகவே நிற்கும்.

அக்டோபர் 6, திங்கள்

எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்தால் போர்டு இல்லாமலே ஓடும். மஞ்சள் ஒயரில் 12.08 வோல்ட், சிவப்பில் 5.03. பன்னிரண்டுக்கு 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். லோடு இல்லாமல், அதாவது எதையும் ஓட்டவைக்காமல் எடுத்த அளவு முழுச் சாட்சி ஆகாதுதான். (எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.)

அப்புறம் போன் ஸ்டாப்வாட்ச்சை எடுத்தேன். நாலு நொடி சொச்சம். மறுபடி போட்டாலும் அதே நாலு சொச்சம். ஆறவைத்துப் போட்டாலும் மாறவில்லை. சூடென்றால் உடனே மறுபடி போடும்போது இன்னும் சீக்கிரம் அணையும். எங்காவது ஷார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு நொடிகூடத் தாங்காது. கம்ப்யூட்டர் உறைந்துபோனால் நாம் என்ன செய்வோம்? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போம். நாலு நொடியானதும் போர்டே மின்சாரத்தை வெட்டிவிடும். அப்படியானால் பட்டன் அழுந்தியே கிடக்கிறது!

முன்பக்கத்திலிருந்து வரும் பவர் சுவிட்ச் ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டேன். பயாஸ் (போர்டின் தொடக்கத் திரை) வந்தது. விண்டோஸ் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

முன்மூடியைக் கழற்றினால் பட்டன் இடுக்கில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்திருக்கிறது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

"அத்தை, பூஜைக்கு பட்டன் மேலயா பொட்டு வச்சீங்க?"

"பின்ன? அதுக்கு நெத்தி அதுதானடா."

சந்தனத்தைத் தண்ணீர் தாராளமாக விட்டுக் குழைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பட்டனைக் கழுவிவிடலாம். உள்ளேயிருக்கும் குட்டி சுவிட்சுக்குள்ளும் இறங்கிவிட்டது. மல்டிமீட்டரை பஸ்ஸரில் (இணைப்பு இருந்தால் கத்தும்) வைத்தால், அழுத்தாமலே கத்துகிறது. அதை விட்டுவிட்டு ரீசெட் பட்டனின் ஒயரைப் பவர் பின்களில் மாட்டினேன். இரண்டும் ஒரே வகை சுவிட்ச்தான், எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். ரீசெட்டை யார் தேடப்போகிறார்கள்?

அக்டோபர் 8, புதன்

கடையில் மாட்டியதும் ஓடியது, ஆனால் எந்த வெப்சைட்டும் ஒழுங்காகத் திறக்கவில்லை. 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை. காரணம் தேதி: 2012 என்று காட்டியது. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்ததில் போர்டின் கடிகாரம் தொலைந்துவிட்டது. அந்தக் கடிகாரத்தை ஓட்டும், 3 வோல்ட் இருக்கவேண்டிய சிஆர்2032 பட்டன் பேட்டரியில் 2.4தான் இருந்தது. எதிர்க் கடையில் ஒன்று வாங்கிப் போட்டுத் தேதியைத் திருத்தினேன். வருமானச் சான்றிதழுக்குக் காத்திருந்தவர்களை அத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.