மச்சானைச் சுற்றவைத்த மெஷின்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருக்கும் தாமான் (வீட்டுக் குடியிருப்பு) ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாம். இப்போது பின்வாசலைக் கிண்டினால் வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும்தான் வருகின்றன. அங்கேதான் கீரைப் பாத்தி, மிளகாய், சுற்றி வேலி எல்லாம் போட வேண்டும் என்று முடிவானது. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு எங்கள் கீரை மேல் அப்படி ஒரு பாசம், அதனால் வேலி கட்டாயம்.

"மண்வெட்டி இருக்க, மெஷின் எதுக்குடா?" என்றார் மாமா. தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். மண்வெட்டியைப் பற்றிப் பேசுவது அவர், பிடிப்பது நான் என்பதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நான் தூக்கிப் பார்ப்பேன். என்னால தூக்க முடிஞ்சாதான் வாங்கணும். பாதியில விட்டுட்டுப் போறது யாருன்னு எனக்குத் தெரியும்."

ஹார்ட்வேர் கடை தவுக்கே, அதாவது சீன முதலாளி, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். பேட்டரியில் ஓடும் சின்ன மண் கிளறும் மெஷினை எடுத்து வைத்தார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அதே கண்ணோடு என் மனைவி அட்டைப் பெட்டியைத் திருப்பிப் படித்தாள். போட்டிருந்த கிலோ கணக்கு பேட்டரி இல்லாமல்! "பேட்டரிய மாட்டுங்க தவுக்கே" என்றாள். மாட்டித் தூக்கியபோது முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் பாஸ்.

"அம்மா, இது இளகின மண்ணுக்குத்தான். கெட்டி மண்ணுல மேலேயே குதிக்கும்" என்று அவரே எச்சரித்தார். மிளகாய் நடுவதற்குத் தனி மெஷின் வேண்டாம், வீட்டில் இருக்கும் டிரில்லில் மாட்டுகிற சுருள் கம்பி போதும் என்றார். வேலிக் கால் நடக் குழி தோண்டத்தான் பெரிய சுருள் கம்பி வைத்த பெட்ரோல் மெஷின். அதைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "கனம் பெரிசு இல்ல தம்பி. சுத்துற முறுக்குதான் பெரிசு."

இது மச்சான் காதில் விழவில்லை. நண்பரிடம் 52 சிசி பெட்ரோல் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை பசியாறிய கையோடு வந்துவிட்டார், கைலியில். "சின்ன வேலைதான் லா!"

பெட்ரோலில் எண்ணெய் கலப்பதிலேயே தகராறு. மெஷினில் 25:1 என்று இருந்தது, அதாவது 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். மச்சான் கண்ணளவில் ஊற்றப் போக, மெஷினே வேண்டாம் என்ற மாமா பாய்ந்து வந்து தடுத்தார். தோட்டத்தில் புல்வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டியவர் அல்லவா! "லிட்டருக்கு 40 மில்லி. அளந்து ஊத்து."

முதல் குழியில் அரை அடி இறங்கியதும் செங்கல். சுருள் கம்பி நின்றுவிட்டது, என்ஜின் நிற்கவில்லை. சுற்ற வேண்டியது எதுவோ அது சுற்றாததால் மச்சான் சுற்றினார். ஒரு செருப்பு வேலிப்பக்கம் போனது. கைப்பிடியைப் பிடிப்பதா, கைலியைப் பிடிப்பதா என்ற தவிப்பு முகத்தில் நன்றாகத் தெரிந்தது. விசையை விட்டதும் எல்லாம் அடங்கியது, கோழிகளைத் தவிர.

காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்து இரண்டாவது குழி. இதில் கல் இல்லை என்ற குஷியில் ஒரே மூச்சாக இறக்கினார். சுருள் கம்பி திருகாணி மாதிரி இறங்கி மாட்டிக்கொண்டது. ஒரு சாண் தோண்டி, மேலே தூக்கி, மண்ணை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டுமாம். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி உத்தரவு போட, என்ஜினைக் கழற்றி, பைப் ஸ்பேனரால் கம்பியைப் பின்பக்கமாகத் திருகி எடுத்தோம். பேட்டரி மெஷின் சிலவற்றில் ரிவர்ஸ் உண்டு. அதன் அருமை அப்போதுதான் புரியும்.

பாத்திப் பக்கம் நடந்தது வேறு. முதல் நாள் மாலையே என் மனைவி தண்ணீர் விட்டு ஊறவைத்திருந்தாள். நான் கடப்பாரையால் மேல் கெட்டியை உடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே போக, பின்னால் அவள் மெஷினை மெதுவாக இழுத்து வந்தாள். மண் பொலபொலவென்று விழுந்தது. நடுவில் ஒரு முறை பற்கள் நின்றன. பழைய சிவப்பு ராஃபியா கயிறு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. நான் கையை நீட்ட, அதட்டினாள்: "முதல்ல பேட்டரிய கழட்டுங்க!"

மாலையில் தே குடித்துக்கொண்டே மாமா பழைய தண்டல் கணக்குப் பார்த்தார். என் மனைவிக்கு முழு நாள் சம்பளம். எனக்கு அரை நாள்.

"எனக்கு மாமா?" என்றார் மச்சான்.

"நீ சுத்தினது வேலையில சேராது."