ஓவியர் நின்ற இடம்

புகழ்பெற்ற இயற்கைக் காட்சி ஓவியங்கள் எங்கே வரையப்பட்டவை என்று தேடிக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஊரைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சுலபம். எந்த மேட்டில் நின்றார், எந்தப் பக்கம் பார்த்தார் என்பதற்குத்தான் மெனக்கெட வேண்டியிருக்கும்.

மரங்களை நம்ப முடியாது. ஆற்றங்கரையும் இடம் மாறிவிடும். மலைமுகடு, பாறை விளிம்பு, பழைய சுவர், இவைதான் பிடிமானம். ஓவியத்தில் ஒரு கூரையின் முனை தூரத்து மலையின் எந்தப் பள்ளத்துக்கு நேராக வருகிறது என்று முதலில் குறித்துக்கொள்வேன். அங்கே போய் நின்று நாலு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், அந்த முனை வேறு பள்ளத்துக்குப் போய்விடும். முன்னால் போனால் கூரை பெரிதாகும், மலை அப்படியே இருக்கும். இரண்டையும் பார்த்துக்கொண்டே நகர்ந்தால் ஓரிடத்தில் எல்லாம் சரியாகப் பொருந்தும். அந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

1889-இல் பிரான்சின் சான் ரெமியில் டச்சு ஓவியர் வான்கோ வரைந்த ஓவியம் ஒன்றில், மலைக்குப் பின்னாலிருந்து நிலவு எழுகிறது. அமெரிக்க வானியலாளர் டொனால்ட் ஓல்சனின் குழு அங்கே போய், படத்திலுள்ள பாறையையும் வீட்டையும் அடையாளம் கண்டு நிலவின் திசையைக் கணக்கிட்டது. மே 16, ஜூலை 13 என்று இரண்டு நாட்கள் ஒத்துவந்தன. வயலில் அறுத்துக் குவித்த கோதுமை பொன்னிறத்தில் இருக்கிறது, மே மாதத்தில் பயிர் பச்சையாகத்தானே இருக்கும்? எனவே ஜூலை 13, இரவு 9:08. எல்லோரும் அந்த நிமிடக் கணக்கைத்தான் வியக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கோதுமைதான் பெரிய சாட்சி.

வான்கோவின் கடைசி ஓவியமாகக் கருதப்படும் மரவேர்கள் படத்தின் கதை வேறு. வெறும் வண்ணக் கோலமோ என்று நினைக்கவைக்கும் படம் அது. 2020-இல் வூட்டர் வான் டெர் வீன் என்ற ஆய்வாளர் பழைய தபால் அட்டை ஒன்றில் அதே வேர்களைக் கண்டார். ஆவேர் ஊரில், வான்கோ தங்கியிருந்த விடுதியிலிருந்து சுமார் 150 மீட்டர் தூரத்தில், தெருவோரச் சரிவு அது. சாலைகளும் கட்டடங்களும் பெருகுவதற்கு முன் எடுத்த படங்கள் என்பதால், இந்தத் தொழிலில் தபால் அட்டைகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்புறம், பொருந்தவே பொருந்தாத படங்களும் உண்டு. 1888-இல் ஆர்ல் நகரில் வரைந்த ரோன் ஆற்று இரவுக் காட்சியில் வான்கோ பார்ப்பது தென்மேற்கே. வானத்தில் இருப்பதோ வடக்கில் தெரியும் சப்தரிஷி மண்டலம். முதுகுக்குப் பின்னால் இருந்த வானத்தை எடுத்து ஆற்றின் மேல் வைத்திருக்கிறார். எங்கே நின்றார் என்று தெரிந்த பிறகுதானே இந்தத் துணிச்சலே நமக்குத் தெரிகிறது! மூடுபனிக் கடலைப் பார்த்து நிற்கும் மனிதனை வரைந்த ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கும், எல்பே மணற்கல் மலைகளில் வெவ்வேறு இடங்களில் பார்த்த பாறைகளைத்தான் ஒரே காட்சியாகச் சேர்த்தார்.

வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளிதான் வேண்டும் என்று பதிப்பாசிரியர்கள் கேட்பார்கள். ரோன் படத்துக்கு நான் ஒரு புள்ளியும், எதிரெதிர்ப் பக்கம் காட்டும் இரண்டு அம்புக்குறிகளும் போட்டுத்தான் அனுப்புகிறேன். ஃப்ரீட்ரிக்குக்குப் பாறைக்கு ஒன்றாகப் புள்ளிகள்.