பேஸ், பெஸ்காதோ, சங்கரா

சென்னை ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. தரையில் உட்கார்ந்துதான். போன மாதத்திலிருந்து என் வலது கையில் சோறு, இடது கையில் போன், காதில் ஸ்பானிஷ். அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

நான் பாரிமுனைப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். இங்கே கப்பலேறும் கார்களில் கொஞ்சம் மெக்சிகோ போகிறது. அந்தப் பக்கத்து ஆள் ஒருவரோடு வாரத்தில் ரெண்டு மூன்று ராத்திரி பேசியாக வேண்டும். நமக்கு ராத்திரி 9 என்றால் மெக்சிகோ நகரத்தில் காலை 9.30. நான் குழம்பு ஊற்றும்போது அவர் காபியோடு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு என்ன சாப்பாடு என்று தவறாமல் கேட்பார். அதற்காவது அவர் மொழியில் பதில் சொல்வோமே என்றுதான் ஆரம்பித்தேன்.

ஆப் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுக்கிறது. முதல் பாடமே முள்கரண்டி, கத்தி, நாப்கின், ஒயின் கிளாஸ். எங்கள் வீட்டில் இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கியது மாதிரி! 'மே குஸ்தா' வந்தபோது இன்னும் குழப்பம். ஆங்கிலத்தில் 'நான் விரும்புகிறேன்' என்று போட்டிருந்தான், ஆனால் அந்த வாக்கியத்தில் 'நான்' எங்கேயும் இல்லை. ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. 'மே குஸ்தா எல் பெஸ்காதோ' என்றால் 'எனக்கு மீன் பிடிக்கும்'. அவ்வளவுதான். நாம் பேசுகிற மாதிரியேதான் அவர்களும் பேசுகிறார்கள். நடுவில் ஆங்கிலம் புகுந்துதான் சிக்கலாக்கியிருக்கிறது. அன்றிலிருந்து ஆங்கில வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறேன்.

மீனில்தான் பெரிய வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அம்மாவோடு காசிமேடு போயிருந்தேன். கூடையில் சங்கரா இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது. அம்மா செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். ஸ்பானிஷில் மீனுக்கு ரெண்டு பேர். தண்ணீரில் நீந்தினால் 'பேஸ்'. பிடித்துச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. பிடிபட்டது என்றே அதற்கு அர்த்தம்.

"அப்போ இது இன்னாடி? துள்ளிக்கினு கீதே."

"பெஸ்காதோதாம்மா. அதான் மாட்டிக்கிச்சே."

"அடப்பாவமே. உசுரு இருக்கசொல்லவே பேர மாத்திட்டானுங்களா."

சொல்லிவிட்டு, கிலோவுக்கு அம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டைக்குப் போய்விட்டது. அந்த ரெண்டு வார்த்தையும் எனக்கு இனி மறக்காது. ஸ்பெயினில் நெத்திலி வகை மீனுக்கும் இப்படித்தான், பச்சையாக இருந்தால் 'பொக்கெரோன்', உப்பில் ஊறினால் 'அஞ்சோவா'. மீனுக்கும் கருவாட்டுக்கும் தனித்தனிப் பேர் வைத்திருக்கும் நாம் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எறாவில் மாட்டிக்கொண்டேன். ஆப் சொன்னபடி 'காம்பா' என்றேன். மெக்சிகோக்காரர் சிரித்தார். அது ஸ்பெயின் பேச்சாம், அவர்களுக்கு 'கமரோன்'. ராத்திரிச் சாப்பாடும் அப்படித்தான். ஆப்பில் இருக்கும் ஸ்பெயின் குரல் 'தேனா' என்கிறது, இவர் 'சேனா' என்கிறார். எழுத்து ஒன்றுதான். ராத்திரி சாப்பிடுவதற்கென்றே தனி வினைச்சொல் இருக்கிறது, 'சேனார்'. இதை அம்மாவிடம் சொன்னால், "ராத்திரி துன்றதுக்குத் தனி வார்த்தையா? வாய் ஒண்ணுதானே" என்றது. பதில் சொல்ல முடியவில்லை.

சில வார்த்தைகளைப் படிக்கவே வேண்டியதில்லை. 'மேசா' என்றால் மேசை, 'கோப்பா' கோப்பை. சமையலறை 'கொசீனா'. எங்கள் ஆயா கடைசி வரைக்கும் 'குசினி' என்றுதான் சொல்லும். எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப்போனது. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் சாந்தோமில் குடியிருந்தவர்கள்தானே. அவர்கள் மொழியும் ஸ்பானிஷும் பங்காளிகள். ஆயா உயிரோடு இருந்திருந்தால் எனக்கு முன்னால் பாஸாகியிருக்கும்.

சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருப்பதற்கு 'சோப்ரெமேசா' என்று பேர். எங்கள் வீட்டில் மேசை இருக்கிறது, ஆனால் அதன்மேல் இஸ்திரி போட்ட துணியும் கேஸ் புத்தகமும்தான் சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்திருக்கும். நாங்கள் கீழே கை காயக் காயப் பேசிக்கொண்டிருப்போம்.

முள்கரண்டிக்கான வார்த்தை மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. 'தெனெதோர்'. தப்புக்கு ஒரு இதயம் பிடுங்கிக்கொள்ளும் அந்த ஆப், நேற்றும் தப்பாகச் சொல்லி ஒன்று போனது. அக்கா கல்யாணத்துக்கு வந்த முள்கரண்டி செட் ஒன்று பரணில் பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது. இறக்கித் தரச் சொன்னேன். எதுக்கு, அதைக் கழுவ வேறயா என்கிறது அம்மா.