இரண்டாம் வார்த்தை

ஏப்ரல் 6, 2025
பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கொன்றாகப் பேசுவோம்; இரண்டாம் வார்த்தையை என்னைப் பேசச் சொல்லிவிட்டார் சேகர குரு. பத்து நிமிடம்தான். தாண்டினால் மூன்றாம் வார்த்தைக்காரர் முறைப்பார்.

"இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." லூக்கா 23:43. பக்கத்துச் சிலுவையில் தொங்கி, என்னை நினைத்தருளும் என்று கேட்ட கள்ளனுக்கு இயேசு சொன்னது. இதில் என்ன பேசுவார்கள் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கடைசி நிமிடத்திலும் மனந்திரும்பலாம், ஆனால் தள்ளிப்போடாதே. சரிதான். ஆனால் கள்ளனை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பற்றிய பிரசங்கம் ஆகிவிடுகிறது.

ஏப்ரல் 9
நான்கு சுவிசேஷங்களையும் வைத்துப் படித்தேன். மத்தேயுவிலும் மாற்குவிலும் இரண்டு கள்ளரும் இயேசுவை நிந்திக்கிறார்கள். யோவான் இருவர் இருந்ததோடு நிறுத்திக்கொள்கிறார். லூக்காவில் மட்டும் ஒருவன் திரும்புகிறான். முதலில் நிந்தித்தவன்தான் பிறகு மாறினான் என்று பொருத்திச் சொல்வது பழைய வழக்கம். எனக்கும் அதுவே பிடிக்கிறது. நடுவில் அவன் காதில் விழுந்தது "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்பது. அற்புதம் எதையும் அவன் பார்க்கவில்லை. சாகப்போகிற ஒருவரிடம் போய் "உம்முடைய ராஜ்யம்" என்கிறான். உயிர்த்தெழுதலைப் படித்துவிட்டு விசுவாசிக்கிற எனக்கு இது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 11
ஞானஸ்நானம் இல்லாமலும் இரட்சிப்பு உண்டு என்பதற்கு ஆதித்திருச்சபை அறிஞர் அகஸ்டின் முதலில் இந்தக் கள்ளனைத்தான் காட்டினார். வயதான காலத்தில் தன் நூல்களைத் திருப்பிப் பார்த்தபோது, அவன் ஞானஸ்நானம் பெறாதவன் என்று எப்படித் தெரியும் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேதைகளின் கவலையே தனி!

அப்புறம் யாக்கோபு நிருபம் 2. கிரியை, அதாவது செயல், இல்லாத விசுவாசம் செத்தது. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522இல் இந்த நிருபத்தை மதிப்புக் குறைத்து வைக்கோல் நிருபம் என்றார். சிலுவையில் தொங்குகிறவன் என்ன கிரியை செய்வான்? நாக்கு மட்டும் மிச்சம். அதை வைத்துக் கூட இருந்தவனைக் கடிந்துகொண்டான், தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், சீடன் பேதுருவே மறுதலித்த இயேசுவுக்காகச் சாட்சி சொன்னான். யாக்கோபுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் சித்தி பிடித்துக்கொண்டாள். சித்தப்பா ஆயுசு முழுக்கக் குடித்தவர், சித்தி மேல் கையும் நீளும். ஆஸ்பத்திரியில் கடைசியாக "ஆண்டவரே" என்றாராம். "அது போதுமாய்யா?" போதும் சித்தி, கள்ளன் கேட்டதும் ஒரே வரிதானே என்றேன்.

"அப்போ இத்தன வருசம் நான் பட்டது?"

மத்தேயு 20இன் உவமையில், கடைசி மணி நேரம் வந்தவர்களுக்கும் அதே கூலி கிடைத்ததைப் பார்த்து, "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு" என்று முறுமுறுக்கிறவர்களை நாம் பொறாமைக்காரர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சித்தி கேட்டது பொறாமை இல்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
அகஸ்டினை வெட்டிவிட்டேன். லூக்கா 23இன் 41ஆம் வசனம்தான் இனி பிரசங்கத்தின் நடு. "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்." நினைத்தருளும் என்று கேட்பதற்கு முன்னால் கள்ளன் இதைச் சொல்கிறான். அவனால் அடிபட்டவர்களும் பறிகொடுத்தவர்களும் எருசலேமில் எங்கோ இருந்திருப்பார்கள். அவர்கள் கணக்கை அவன் மறைக்கவில்லை. கிருபை என்று பேசும்போது நாம் தாண்டிக் குதிக்கிற வசனம் இது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
பேசினேன். பதினோரு நிமிடம், முறைப்பு கிடைத்தது. வாசலில் ஒரு பெரியவர், மற்றக் கள்ளனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று குறைப்பட்டார். நியாயம்தான்.

சித்தி வசன எண் கேட்டாள். 41 என்றேன்.

"அத அவுக எங்கிட்ட சொல்லவே இல்லயே" என்றாள்.

இல்லை சித்தி என்றேன்.