மூலக்கொத்தளத்தை வெளியே போய் பேசுங்க

சாகும்போது வாழ்க்கை முழுக்க படமா ஓடும், விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்க என்று ஒரு வாட்ஸப் செய்தி எங்கள் தண்டையார்பேட்டை தெருவைச் சுற்றி வந்தது. நான் இ.இ.ஜி. டெக்னீஷியன்; தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிகிற வேலை. கேள்வியெல்லாம் என் தலையில்தான் விடிந்தது.

அதற்கு மூலம் 2022-ல் வந்த ஆய்வு. வான்கூவரில் 87 வயதுக்காரர் ஒருவருக்கு வலிப்பு பார்க்க இ.இ.ஜி. ஓடும்போதே இதயம் நின்றுவிட்டது. நிற்பதற்கு முன்னும் பின்னும் 30 நொடிகளில், நினைவுகளோடு தொடர்புபடுத்தப்படும் காமா என்ற மூளை அலைகள் மாறியிருந்தன. ஒரே ஒரு ஆள், அதுவும் மூளையில் ரத்தக்கசிவு வந்தவர். அடுத்த வருஷம் மிச்சிகனில் ஜிமோ போர்ஜிகின் குழு, வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட 4 பேரின் பதிவை ஆராய்ந்தது. 2 பேருக்குக் காமா எகிறியது. என்ன தெரிந்தது என்று சொல்ல யாரும் திரும்பி வரவில்லை.

காமா என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். நொடிக்கு 30 தடவைக்கு மேல் துடிக்கும் பொடி அலை அது. நம்ம வீட்டு கரண்ட் துடிப்பதும் நொடிக்கு 50 தடவை. எர்த் சரியில்லாத வார்டில் அதுவும் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பேஷன்ட் பல்லைக் கடித்தாலே கோடெல்லாம் கறுத்துவிடும். (எண்ணெய் வழியும் தலையில் எலக்ட்ரோடு நிற்க வைப்பது தனிக் கதை.) அவர்கள் வடிகட்டித்தான் பார்த்திருப்பார்கள். இருந்தாலும் தொழில் புத்தி விடாது.

நான் நம்புவது 2020-ல் எலிசபெத் பிளண்டன் குழு வெளியிட்டதை. அதுவும் வான்கூவர்தான். கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு ஓசைகளை வரிசையாகக் கேட்கவைத்து, நடுவில் மாற்றினார்கள். கூப்பிட்டாலும் அசையாதவர்களில் சிலருடைய மூளைகூட, நல்லா இருக்கிறவர்களுடையதைப் போலவே அந்த மாற்றத்தைப் பிடித்தது. அர்த்தம் புரிந்ததா என்பது வேறு கேள்வி.

இது தெரிந்ததால்தான் எங்க ஆயா விஷயத்தில் கத்தினேன். காசிமேட்டில் மீன் விற்ற மனுஷி, மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. தலைமாட்டிலேயே மாமா போனில், மூலக்கொத்தளம் சுடுகாட்டையும் சாவுக்குப் பாட வரும் கானா பசங்களையும் ஏற்பாடு பண்ணுகிறார். "மூலக்கொத்தளத்துக்கு சொல்லிட்டியா? கானா பசங்க எவ்ளோ கேக்கறானுங்க?" என்கிறார்.

"மாமா, டீக்கடைல போய் பேசு. ஆயாவுக்குக் காது கேக்கும்."

"மெஷின்ல பாத்தியாடி நீ?"

"பாக்கல. நீ போ."

போனார். பெரியம்மா கட்டில் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, யார் யார் வாங்கின கடனைத் திருப்பித் தரவில்லை என்று ஆயா காதில் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அதை நான் தடுக்கவில்லை. ஆயாவுக்கு ரொம்பப் பிடித்த பேச்சு அது.