சோர்ந்துபோன ஸ்பிரிங்

திரும்பி வந்த ஸ்பிரிங்கை மேசைமேல் நிறுத்தி வெர்னியர் வைத்துப் பார்த்தேன். 55 மில்லிமீட்டர். நான் சுற்றி அனுப்பும்போது 60. கம்பியில் கீறல் இல்லை, துரு இல்லை. உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

"என்ன சார், ரெண்டே வாரத்துல சோர்ந்துபோச்சு?" என்றார் வாங்கியவர். கம்பி மட்டம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் தப்பு என்னுடையது. எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டவன், அங்கே எவ்வளவு சூடு என்று கேட்கவில்லை. பெயின்ட் உலர்த்தும் அடுப்பின் கதவுத் தாழ்ப்பாளாம். 180 டிகிரி. நான் கொடுத்ததோ மியூசிக் வயர், அதாவது பியானோ கம்பி. சுமையோடு இருக்கும்போது 120 டிகிரிக்கு மேல் அதை நம்பக் கூடாது.

சூடு பட்டால் எஃகு கொஞ்சம் இளகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நூறு டிகிரி ஏறினால் ஸ்பிரிங்கின் விறைப்பு 2.5 முதல் 3 சதவீதம் குறையும். ஆறினால் பழையபடி வந்துவிடும். கம்பி நீள்வதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. 60 மில்லி ஸ்பிரிங் நூறு டிகிரிக்கு 0.07 மில்லி வளர்ந்தால் அதிகம். என் வேலையில் இந்த மூன்று சதவீதத்தைக் கண்டுகொள்வதில்லை. கடிகாரக்காரர்களுக்கு அதுதான் தலைவலி. 1773இல் கடிகாரக்காரர் பெர்தூ கணக்குப் போட்டார்: 33 டிகிரி ஏறினால் கடிகாரம் நாளுக்கு 393 வினாடி பின்தங்கும், அதில் 312 வினாடி மெல்லிய ஸ்பிரிங் இளகுவதால் மட்டும். இதற்கென்றே, சூட்டில் விறைப்பு அதிகம் மாறாத எலின்வார் என்ற உலோகக் கலவையை உருவாக்கிய இயற்பியலாளர் கியோம் 1920இல் நோபல் பரிசு வாங்கினார்.

தாழ்ப்பாளில் நடந்தது வேறு. அமுக்கிப் பிடித்த நிலையிலேயே நாள்கணக்கில் சூடு பட்டால், கம்பியின் படிக அமைப்பில் உள்ள பிறழ்வுகள் மெல்ல நகர்கின்றன. திரும்பி வரவேண்டிய வளைவு கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தர வளைவாகிவிடுகிறது. ஆறவைத்தாலும் அந்த ஐந்து மில்லி வராது.

இதில் வேடிக்கை, அதே ஸ்பிரிங்கை அதைவிட அதிகச் சூட்டில் நானேதான் வேகவைத்து அனுப்பினேன். சுற்றி முடித்ததும் 230 டிகிரியில் அரை மணி நேரம். வெளியே எடுக்கும்போது வைக்கோல் நிறம் பூத்திருக்கும். நீலம் தட்டினால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஸ்பிரிங்மேல் சுமை இல்லை. சுற்றும்போது கம்பிக்குள் மாட்டிக்கொண்ட இறுக்கம் மட்டும் தளர்கிறது. கூடவே சுருளும் இன்னும் கொஞ்சம் சுருட்டிக்கொள்ளும்: 18 மில்லி வெளிவிட்டம் கால் மில்லி குறையும். அதனால் எப்போதும் கொஞ்சம் தளர்வாகவே சுற்றுவேன். கை பழகிவிட்டது.

அந்தப் பழக்கம்தான் அடுத்து காலை வாரியது. தாழ்ப்பாளுக்கு 302 ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு மாறினேன். அது 260 டிகிரி வரை தாங்கும். விறைப்பு குறைவு என்பதால் எட்டு சுற்றை ஏழாக்கினேன். வழக்கம்போலத் தளர்வாகச் சுற்றி அடுப்பில் வைத்தேன். ஸ்டெயின்லெஸ் சுருங்காது, சற்று விரியும்! படித்திருக்கிறேன், மறந்துவிட்டேன். ஐந்து ஸ்பிரிங்கும் தாழ்ப்பாளின் குழாய்க்குள் நுழையவே இல்லை. அப்புறம் இறுக்கிச் சுற்றிய ஆறாவதுதான் போனது.

குளிரைப் பற்றியும் கேட்கிறார்கள். குளிரில் விறைப்பு கொஞ்சம் கூடும். ஆனால் கடுங்குளிரில் கார்பன் எஃகு அடி தாங்காமல் படக்கென்று ஒடியலாம். அங்கேயும் ஸ்டெயின்லெஸ்தான் நல்லது.

ஒரு மாதம் கழித்து, வாங்கியவரே தாழ்ப்பாள் ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்து சொன்னார். 59.5.